சதுரமும் அதன் மூலைவிட்டமும்

மும்பை நகரின் தாராவிப் பகுதியில் இரு பெருஞ்சாலைகள் தம் அகலத்தையே பெயராகக் கொண்டு வழங்குகின்றன. ஒன்று 90 அடிச் சாலை. மற்றொன்று 60 அடிச் சாலை. இவற்றினின்று பிரியும் சந்துகளில் வாழ்வோருள், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடிப் பல தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பலர். அங்கே சாலைக்கு மட்டுமன்றி வீட்டிற்கும் அளவே பெயராகி நிற்கிறது. "பத்துக்குப் பத்து" என்றால் அஃது ஓர் அறை. பெரும்பாலும் அதுவே ஒரு வீடு. பத்தடி நீளமும் பத்தடி அகலமும் உடைய அவ்வறையில் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கி, பல இடங்களில் தன் தொழிலையும் நடத்துகிறது.

கணித நூலார் இவ்வறையின் தரையைச் சதுரம் என்பர். இவ்வெளிய உருவைப் பற்றி நான்கு வினாக்கள் எழுகின்றன. எதிரெதிர் மூலைகளுக்கு இடையேயுள்ள தூரம் எவ்வளவு? மூலைகள் உண்மையாகவே செங்கோணமாக உள்ளனவா என்பதை எவ்வாறு அறிவது? இதைப் போல் இருமடங்கு பரப்புடைய சதுரம் வேண்டுமாயின் அதன் பக்கம் எவ்வளவு இருத்தல் வேண்டும்? இவ்வளவுகளை எண்ணால் முற்றத் துல்லியமாகக் கூற இயலுமா? இந்நான்கும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனித அறிவை ஈர்த்துவரும் வினாக்கள். இவற்றின் விடைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒரு கயிறும் ஒரு காகிதத் தாளும் இருப்பின் வாசகர் தாமே அவற்றைச் சோதித்துக் காணலாம்.

சதுரத்தின் இலக்கணம்

நான்கு பக்கங்களும் சமமாய், நான்கு கோணங்களும் செங்கோணமாய் அமைந்த நாற்கரமே சதுரம். இவ்விரு நிபந்தனைகளுள் முதலாவது மட்டும் போதாது. சம நீளமுள்ள நான்கு மரச்சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணியால் இணைத்து, ஒரு மூலையைச் சிறிது தள்ளினால், பக்கங்களின் நீளம் மாறாதிருக்கவே உருவம் சாய்ந்துவிடுகிறது. அது சாய்சதுரம். சதுரத்தைச் சாய்சதுரத்தினின்று பிரித்துக் காட்டும் சான்று மூலைவிட்டமே.

எதிர் மூலைகளை இணைக்கும் நேர்கோடு மூலைவிட்டம் எனப்படும். சதுரத்தில் இத்தகைய கோடுகள் இரண்டு. அவை ஒன்றுக்கொன்று சமமானவை. ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டுகின்றன. வெட்டும் இடத்தில் செங்கோணம் அமைகிறது. ஒவ்வொரு மூலைவிட்டமும் தான் புறப்படும் மூலையின் 90 பாகைக் கோணத்தை 45 பாகையுள்ள இரு கூறுகளாகப் பகிர்கிறது. சாய்சதுரத்திலும் மூலைவிட்டங்கள் செங்கோணத்திலேயே வெட்டிக்கொள்ளும். ஆயினும் அவற்றின் நீளங்கள் சமமாக இரா. ஒன்று நீண்டால் மற்றொன்று குறுகும்.

மும்பையின் தெருமுனைகளில் மாலை வேளைகளில் ஆடப்பெறும் கேரம் பலகை இவ்விலக்கணத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு. போட்டி விதிகளின்படி அதன் ஆடுபரப்பு 73.5 முதல் 74 சென்டிமீட்டர் வரை பக்கமுடைய சதுரம். மூலைகளின் அருகே வரையப்பெறும் அம்புக்குறிகள் மூலைவிட்டத்தின் வழியே 45 பாகைச் சாய்வில் குழிகளை நோக்குகின்றன. பக்கம் 74 சென்டிமீட்டராயின் மூலைவிட்டம் ஏறத்தாழ 104.7 சென்டிமீட்டர், நடுவில் வைக்கப்பெறும் சிவப்புக் காயிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் உள்ள தூரம் அதன் பாதி, அதாவது 52.3 சென்டிமீட்டர். இவ்வெண்கள் எவ்வாறு கிடைத்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

கொத்தனாரின் கயிறு

மாட்டுங்காப் பகுதி திட்டமிட்டு அமைக்கப்பெற்றது. 1896-இல் பம்பாயில் பரவிய பிளேக் நோயின் விளைவாக 1898-இல் நிறுவப்பெற்ற நகர மேம்பாட்டு டிரஸ்டு, தாதர்-மாட்டுங்காத் திட்டத்தில் சாலைகளையும் மனைகளையும் முன்கூட்டியே அளந்து வகுத்தது. அதற்கு அண்மையிலுள்ள தாராவியிலோ மக்கள் தாமே இடம் கண்டு, தாமே சுவர் எழுப்பினர். ஆயினும் இரண்டு இடங்களிலும் சுவரின் மூலையைச் செங்கோணமாக்கக் கொத்தனார் கையாளும் முறை ஒன்றே.

அவர் மூலையிலிருந்து ஒரு சுவர்க் கோட்டில் 3 அடியும், மற்றொரு கோட்டில் 4 அடியும் அளந்து குறியிடுகிறார். அவ்விரு குறிகளுக்கும் இடையேயுள்ள தூரம் சரியாக 5 அடியாக இருப்பின் மூலை செங்கோணம். 3-இன் வர்க்கம் 9. 4-இன் வர்க்கம் 16. இரண்டும் கூட 25. அது 5-இன் வர்க்கம். பத்தடி அறைக்கு இவற்றை இருமடங்காக்கி 6, 8, 10 எனக் கொள்வது மேலும் நன்று. ஏனெனில் அளவு பெரிதாகுந்தோறும் பிழை சிறிதாகிறது. மாட்டுங்காவிலுள்ள வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம் 1887-இல் தொடங்கப்பெற்று 1923-இல் இப்போதுள்ள இடத்திற்கு மாறியது. அத்தகைய நிறுவனத்தில் கட்டடப் பொறியியல் பயிலும் மாணவர் தியோடலைட் கருவியைக் கொண்டு கோணம் அளக்கிறார். கொத்தனார் கயிற்றைக் கொண்டு அளக்கிறார். இருவரும் சார்ந்து நிற்பது ஒரே வடிவ கணிதம்.

நான்கு சுவர்க் கோடுகளும் வரையப்பெற்றபின் கொத்தனார் இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுகிறார். இச்சோதனையின் நுட்பம் வியக்கத்தக்கது. பத்தடிச் சதுர அறை ஒன்றில் மூலையின் கோணம் 90 பாகைக்குப் பதில் 91 பாகையாக இருக்கிறது என்று கொள்வோம். கண்ணால் நோக்கி இதை அறிதல் அரிது. ஆனால் அப்போது ஒரு மூலைவிட்டம் சுமார் 14.27 அடியாகவும், மற்றொன்று சுமார் 14.02 அடியாகவும் இருக்கும். வேறுபாடு ஏறத்தாழ 3 அங்குலம். இதைச் சாதாரணக் கயிறே காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஒரு பாகைப் பிழையைப் பொருட்படுத்தாது விட்டால், ஓரடிச் சதுரத் தரைக்கற்களைப் பதிக்கும்போது, ஒரு மூலையில் முழுக் கல்லாகத் தொடங்கும் வரிசை எதிர்ச்சுவரை அடையும்போது 2 அங்குலத்திற்கு மேல் விலகிவிடும். கல்லை வெட்டும் கூலியும், வீணாகும் கல்லின் விலையும் வீட்டுக்காரரையே சேர்கின்றன.

இருமடங்குப் பரப்பு

இனி மூலைவிட்டத்தின் நீளத்திற்கு வருவோம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் பிளேட்டோ, 'மீனோ' என்னும் உரையாடல் நூலில் ஒரு நிகழ்ச்சியை அமைத்துள்ளார். சாக்ரட்டீசு, கல்வியறியாத ஓர் அடிமைச் சிறுவனிடம் ஈரடிப் பக்கமுள்ள சதுரத்தை வரைந்து காட்டி, இதற்கு இருமடங்கு பரப்புள்ள சதுரத்தின் பக்கம் யாது என்று வினவுகிறார். பக்கத்தை இருமடங்காக்கி நான்கடி என்கிறான் சிறுவன். அவ்வாறு வரைந்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. மூன்றடி என்கிறான், அப்போதும் 8-க்குப் பதில் 9 வருகிறது. இறுதியில் மூலைவிட்டத்தையே பக்கமாகக் கொண்டு வரையும் சதுரமே இருமடங்கு என்பதை அவன் தானே கண்டுகொள்கிறான்.

இவ்வுண்மையை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழர் இல்லங்களின் வாயிற்படியில் இடப்பெறும் புள்ளிக் கோலத்திலேயே காணலாம். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசைகளில் ஒன்பது புள்ளிகளை நேர்ப்புள்ளியாக இடுக. ஓரப்புள்ளிகளைச் சுற்றி இணைத்தால் பெரிய சதுரம் ஒன்று தோன்றும். அதனுள் நான்கு சிறு கட்டங்கள் அடங்கும். இப்போது பெரிய சதுரத்தின் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளை மட்டும் இணைத்தால், மூலையில் நிற்பது போன்ற சாய்ந்த சதுரம் ஒன்று கிடைக்கும். அதன் ஒவ்வொரு பக்கமும் ஒரு சிறு கட்டத்தின் மூலைவிட்டம். ஒவ்வொரு சிறு கட்டத்திலும் சரிபாதி அதனுள் அடங்குகிறது. நான்கு பாதிகள் சேர்ந்தால் இரண்டு முழுக் கட்டங்கள். ஆகவே, சிறு கட்டத்தின் மூலைவிட்டத்தின் மீது எழும் சதுரம், அக்கட்டத்தைப் போல் இருமடங்கு பரப்புடையது. கூட்டல் பெருக்கல் எதுவுமின்றியே இது நிறுவப்பட்டுவிடுகிறது.

இதிலிருந்து நமக்கு வேண்டிய விதிகள் அனைத்தும் பிறக்கின்றன. மூலைவிட்டத்தின் வர்க்கம் பக்கத்தின் வர்க்கத்தைப் போல் இருமடங்கு. எனவே மூலைவிட்டம் வேண்டின் பக்கத்தை 2-இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 1.4142-ஆல் பெருக்குக. மூலைவிட்டம் தெரிந்து பக்கம் வேண்டின் மூலைவிட்டத்தை 0.7071-ஆல் பெருக்குக. பரப்பு வேண்டின் மூலைவிட்டத்தின் வர்க்கத்தைப் பாதியாக்குக. பரப்பு மட்டும் தெரியுமாயின் அதன் வர்க்கமூலமே பக்கம். பத்தடி அறையின் மூலைவிட்டம் 14.14 அடி, அதன் மீது எழும் சதுரம் 200 சதுர அடி. கேரம் பலகையின் 74 சென்டிமீட்டரை 1.4142-ஆல் பெருக்கியே முன்னர்க் கூறிய 104.7 சென்டிமீட்டர் கிடைத்தது.

கயிற்றுக் கணிதம்

இந்நாட்டில் இக்கணிதத்தைக் கூறும் மிகப் பழைய நூல்கள் சுல்வ சூத்திரங்கள். 'சுல்வம்' என்னும் வடசொல் கயிற்றைக் குறிப்பது. வேள்விக்குரிய மேடைகளைக் குறித்த பரப்பும் குறித்த வடிவமும் பிசகாமல் அமைப்பதற்கென எழுந்த இந்நூல்களுள் பௌதாயனர், ஆபஸ்தம்பர், காத்தியாயனர் ஆகியோர் பெயரால் வழங்குவன சிறந்தவை. பௌதாயனரின் நூல் இவற்றுள் பழமையானது. அறிஞர் பலர் அதைக் கி.மு. 800-க்கும் 500-க்கும் இடைப்பட்டதாகக் கொள்வர். ஜார்ஜ் திபோ என்னும் அறிஞர் 1875-இல் இந்நூல்களைப் பற்றி விரிவாக எழுதியபின் உலகறிஞர் இவற்றின்பால் கவனம் செலுத்தினர். 1983-இல் இந்திய தேசிய விஞ்ஞானக் கழகம் சென், பாக் என்போரின் மொழிபெயர்ப்போடு இவற்றை வெளியிட்டது.

சதுரத்தின் குறுக்கே இழுத்த கயிறு இருமடங்குப் பரப்பைத் தரும் என்றும், நீள்சதுரத்தின் குறுக்கே இழுத்த கயிறு அதன் நீளமும் அகலமும் தனித்தனியே தரும் பரப்புகளின் கூட்டுத்தொகையைத் தரும் என்றும் பௌதாயனர் விதிக்கிறார். பின்னதே பிற்காலத்தில் பிதாகரசு தேற்றம் எனப் பெயர் பெற்றது. மேலும், மூலைவிட்டத்தின் நீளத்தைக் கணக்கிட அவர் ஒரு வழியும் கூறுகிறார். பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுக. அம்மூன்றில் ஒரு பங்கின் நான்கில் ஒரு பங்கையும் கூட்டுக. இறுதியாகக் கூட்டிய பங்கின் முப்பத்துநான்கில் ஒரு பங்கைக் கழிக்க. பக்கம் 1 எனின் மூலைவிட்டம் 577/408 என வருகிறது. தசம முறையில் இது 1.4142157. உண்மை மதிப்பு 1.4142136. பக்கம் 10 கிலோமீட்டர் உள்ள சதுரத்தை இவ்விதியால் அளந்தாலும் மூலைவிட்டத்தில் நேரும் பிழை 2 சென்டிமீட்டரைச் சிறிதே மிஞ்சும்.

பாபிலோனிய மக்களும் இவ்வெண்ணை அறிந்திருந்தனர். அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் உள்ள களிமண் பலகை ஒன்று ஏறத்தாழ கி.மு. 1800-க்கும் 1600-க்கும் இடைப்பட்டது. அதில் மூலைவிட்டங்களோடு ஒரு சதுரமும், அதன் பக்கம் 30 என்ற குறிப்பும், அறுபதின் அடிப்படையில் அமைந்த எண்களால் மூலைவிட்டத்தின் அளவும் பொறிக்கப்பெற்றுள்ளன. அதன்வழி கிடைக்கும் மதிப்பு 1.414213. இவர்கள் எம்முறையால் இதைக் கண்டனர் என்பது அப்பலகையில் இல்லை.

பன்னிரண்டும் பதினேழும்

பௌதாயனரும் தம் விதிக்குக் காரணம் கூறவில்லை. 1932-இல் சுல்வக் கணிதத்தைப் பற்றி நூல் எழுதிய வங்க அறிஞர் விபூதிபூஷண் தத்தா, தாளை வெட்டி ஒட்டுவது போன்ற ஒரு விளக்கத்தை முன்வைத்தார். நம் வீட்டுத் தரைக்கல்லின் அளவிலேயே அதைச் செய்து பார்க்கலாம்.

12 அங்குலப் பக்கமுள்ள இரு சதுரத் தாள்களை எடுத்துக்கொள்க. இரண்டின் மொத்தப் பரப்பு 288 சதுர அங்குலம். இரண்டையும் சேர்த்து ஒரே சதுரமாக்க வேண்டும். முதல் தாளை அப்படியே வைக்க. இரண்டாவதை 4 அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளாக வெட்டுக. இரு பட்டைகளை முதல் தாளின் வலப்புறத்திலும் மேற்புறத்திலும் ஒட்டினால், மூலையில் 4 அங்குலச் சதுரம் ஒன்று காலியாக நிற்கும். மூன்றாம் பட்டையை 4 அங்குலச் சதுரங்கள் மூன்றாக வெட்டி, ஒன்றால் அம்மூலையை நிரப்புக. இப்போது 16 அங்குலப் பக்கமுள்ள சதுரம் கிடைத்துவிட்டது. எஞ்சியவை 4 அங்குலச் சதுரங்கள் இரண்டு. அவற்றை ஓர் அங்குல அகலமுள்ள எட்டுத் துண்டுகளாக வெட்டி, வலப்புறம் நான்கும் மேற்புறம் நான்குமாக வரிசையாக ஒட்டுக. நான்கு துண்டுகள் சேர்ந்து சரியாக 16 அங்குல நீளம் ஆகின்றன. உருவம் இப்போது 17 அங்குலப் பக்கமுள்ள சதுரம் ஆகிவிட்டது. மூலையில் ஒரே ஒரு சதுர அங்குலம் மட்டும் குறைகிறது.

ஆகவே 12 அங்குலக் கல்லின் மூலைவிட்டம் 17 அங்குலத்திற்கு மிகச் சிறிதே குறைவு. நினைவில் வைப்பதற்கு எளிய விதி இது. குறையும் ஒரு சதுர அங்குலத்தை ஈடுசெய்ய, பதினேழு அங்குலச் சதுரத்தின் இரு பக்கங்களினின்றும் மெல்லிய கீற்று ஒன்றைச் சீவவேண்டும். இரு பக்கங்களின் நீளம் 34 அங்குலம். ஆகவே கீற்றின் அகலம் 1/34 அங்குலம். பௌதாயனரின் விதியில் திடுமென வந்து நிற்பதாகத் தோன்றும் 34 என்னும் எண்ணின் பிறப்பிடத்தை இவ்விளக்கம் காட்டுகிறது. பத்தடி அறைக்கு இதைப் பத்து மடங்காக்கினால் 170 அங்குலம், அதில் 10/34 அங்குலம் குறைவு. அதாவது 14 அடி 1.7 அங்குலம்.

தமிழ்நாட்டில் வழங்கும் ஒரு விதி

தமிழ்நாட்டில் போதையனார் பெயரால் வழங்கும் ஒரு செய்யுள் வர்க்கமூலமின்றியே கர்ணத்தைக் காணும் வழி கூறுவதாகப் பலராலும் எடுத்துரைக்கப்படுகிறது. நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைக் கழித்துவிட்டு, எஞ்சியதோடு குறுகிய பக்கத்தின் பாதியைக் கூட்டுவதே அவ்வழி. 4-க்கும் 3-க்கும் இதைச் செய்தால், 3½-உம் 1½-உம் சேர்ந்து 5 என்னும் சரியான விடை வருகிறது. 12-க்கும் 5-க்கும் செய்தால், 10½-உம் 2½-உம் சேர்ந்து 13; அதுவும் சரியே. எனவே இவ்விதி எல்லா இடத்தும் பொருந்தும் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது.

சதுரத்தில் இதைச் சோதித்தல் வேண்டும். பத்தடிச் சதுரத்திற்கு 8¾-உம் 5-உம் சேர்ந்து 13¾ அடி வருகிறது. உண்மை அளவு 14.14 அடி. குறைவு 4.7 அங்குலம். கொத்தனார் ஒருவர் இவ்விதியை நம்பி மூலைவிட்டத்தைப் பதிமூன்றே முக்கால் அடிக்கு இழுத்து மூலைகளைக் குறித்தால், மூலையின் கோணம் 90 பாகைக்குப் பதில் 93 பாகையைத் தாண்டும்; எதிர்ச்சுவர் ஆறரை அங்குலம் விலகி நிற்கும். விதி பயனற்றது என்பதன்று இதன் பொருள். விரைந்து ஒரு தோராய மதிப்பைக் காண அது உதவும். ஆனால் தோராயம் எது, துல்லியம் எது என்று பகுத்தறியாமல், பழமை ஒன்றையே சான்றாகக் கொள்வது அறிவியல் நெறியாகாது. பெயரொற்றுமை கருதிப் போதையனாரையும் பௌதாயனரையும் ஒருவராகக் கொள்வதும் தகாது. பௌதாயனரின் விதி இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழையுடையது. இதுவோ சதுரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கை நெருங்கும் பிழையுடையது.

முடிவுறாத எண்

12-க்கு 17 என்பது சிறிது பிசகுகிறது. 408-க்கு 577 என்பதும் மிகச் சிறிது பிசகுகிறது. எண்களை இன்னும் பெரிதாக்கிச் சென்றால் பிசகே இல்லாத ஓரிணை கிடைக்காதா? கிடைக்காது என்பதே விடை. அதற்குரிய நிரூபணம் சுருக்கமானது.

மூலைவிட்டமும் பக்கமும் ஒரே அளவுகோலின் முழு மடங்குகள் என்று கொள்வோம். அவ்விரு எண்களும் ஒருசேர இரட்டைப்படையாக இருப்பின், அளவுகோலை இருமடங்காக்கி இரண்டையும் பாதியாக்கிக்கொள்ளலாம். இவ்வாறு குறைத்தபின் இரண்டில் ஒன்றேனும் ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும். மூலைவிட்ட எண்ணின் வர்க்கம் பக்க எண்ணின் வர்க்கத்தைப் போல் இருமடங்கு; ஆதலின் அது இரட்டைப்படை. ஒற்றை எண்ணின் வர்க்கம் ஒற்றையாகவே இருக்குமாதலின், மூலைவிட்ட எண்ணும் இரட்டையே. இரட்டை எண்ணின் வர்க்கம் 4-ஆல் வகுபடும். அதன் பாதியாகிய பக்க வர்க்கம் 2-ஆல் வகுபடும். ஆகவே பக்க எண்ணும் இரட்டை. இது முன்னர்க் கொண்டதற்கு முரணாகிறது. எனவே அத்தகைய அளவுகோல் இல்லை. 2-இன் வர்க்கமூலம் எந்தப் பின்னத்திற்கும் அடங்காத விகிதமுறா எண்.

அடங்காவிடினும் அதை நாம் வேண்டிய அளவு நெருங்கலாம். 5-க்கு 7 என்ற இணையில் தொடங்குக. பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் கூட்டினால் அடுத்த பக்கம். பக்கத்தின் இருமடங்கோடு மூலைவிட்டத்தைக் கூட்டினால் அடுத்த மூலைவிட்டம். இவ்வாறு 12-க்கு 17, 29-க்கு 41, 70-க்கு 99, 169-க்கு 239, 408-க்கு 577 என இணைகள் தொடர்ந்து வருகின்றன. இவை ஒவ்வொன்றிலும் மூலைவிட்ட வர்க்கத்திற்கும் பக்க வர்க்கத்தின் இருமடங்கிற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்.

இவ்வரிசையிலுள்ள 70-க்கு 99 என்ற இணை நாள்தோறும் நம் கையில் புழங்குகிறது. அலுவலகங்களில் வழங்கும் ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். நீளம் 297 மில்லிமீட்டர். இவை 70, 99 என்பவற்றின் மும்மடங்குகள். தாளின் நீளத்தைப் பாதியாக்கினாலும் வடிவம் மாறாதிருக்கவேண்டுமாயின் இவ்விகிதம் ஒன்றே பொருந்தும். ஜெர்மானிய அறிஞர் லிக்டன்பர்க் 1786-இல் ஒரு கடிதத்தில் இதை எடுத்துக்காட்டினார். 1922-இல் ஜெர்மனி இதைத் தரமாக ஏற்றது. வாசகர் ஏ4 தாள் ஒன்றை எடுத்து, அதன் குறுகிய விளிம்பு நீண்ட விளிம்பின் மீது படியுமாறு மூலையை மடிப்பாராக. மடிப்பு 45 பாகையில் அமையும். அம்மடிப்பு 210 மில்லிமீட்டர்ச் சதுரத்தின் மூலைவிட்டம். மற்றொரு தாளின் நீண்ட விளிம்பை அதன்மேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்திருக்கக் காணலாம்.

நூறு, இருநூற்றிருபத்தைந்து, முந்நூறு

இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. 1995-இல் மகாராஷ்டிர மாநிலத்தில் தொடங்கிய குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டத்தின்படி, தகுதியுடைய குடும்பத்திற்கு 225 சதுர அடி உள்பரப்புடைய வீடு என விதிக்கப்பெற்றது. பின்னர் இது 269 சதுர அடியாகவும், 2018-இல் நடைமுறைக்கு வந்த மும்பை வளர்ச்சி விதிகளில் 300 சதுர அடியாகவும் உயர்ந்தது. பத்துக்குப் பத்து அறையில் வாழும் குடும்பத்திற்கு இவ்வெண்களின் பொருள் யாது?

அடுக்ககத்தின் வீடுகள் சதுரமாக அமைவதில்லை. ஆயினும் சம பரப்புடைய சதுரத்தை எண்ணிப் பார்த்தல் நல்ல ஒப்பீட்டைத் தரும். 100 சதுர அடியின் பக்கம் 10 அடி. 225 சதுர அடியின் பக்கம் 15 அடி; பரப்பு இரண்டேகால் மடங்கானாலும் பக்கம் ஒன்றரை மடங்கே ஆகிறது. 269 சதுர அடி என்பது 25 சதுர மீட்டர். அதன் பக்கம் 5 மீட்டர், அதாவது சுமார் 16 அடி 5 அங்குலம். 300 சதுர அடியின் பக்கம் 17.32 அடி. 225-இலிருந்து 300-க்கு உயர்ந்தது 75 சதுர அடி எனின் பெரிதாகத் தோன்றும். பக்கத்தில் அது 2 அடி 4 அங்குலமே. கயிற்றால் காண விரும்புவோர் பத்தடிச் சதுரத்தின் மூலைவிட்டத்தை நீளமாகவும், பத்தடியை அகலமாகவும் கொண்டு ஒரு நீள்சதுரம் அமைப்பாராக. அந்நீள்சதுரத்தின் மூலைவிட்டமே 300 சதுர அடிக்குரிய பக்கம். சுல்வ நூலார் இதனை மும்மடங்கு தரும் கயிறு என்ற பொருளில் 'திரிகரணி' என்றனர்.

அளவு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் முக்கியமானது. வெளிப்புறம் 15 அடிச் சதுரமாகவுள்ள வீட்டின் சுவர்கள் அரை அடிக் கனமுடையனவாயின், உட்புறம் 14 அடிச் சதுரமே. பரப்பு 196 சதுர அடியாகிவிடுகிறது. நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு சுவரிலேயே மறைந்துவிடுகிறது. இக்காரணம் பற்றியே, 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், 'கார்ப்பெட் ஏரியா' என வழங்கும் உள்பரப்பினின்று வெளிச்சுவர்களை நீக்கி வரையறுத்துள்ளது. வீட்டினுள் உள்ள தடுப்புச் சுவர்கள் மட்டும் அதில் சேரும்.

அறை சதுரமாகவும் இல்லை, நீள்சதுரமாகவும் இல்லை எனின் என் செய்வது? சந்துகளின் போக்கிற்கேற்ப எழுந்த அறைகளில் இதுவே பெரும்பாலும் நிலைமை. நீளத்தை அகலத்தால் பெருக்கும் முறை அங்கே பொருந்தாது. நில அளவையாளர் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மூலைவிட்டத்தின் வழியே கயிற்றை இழுத்துக் கட்டுக. மற்ற இரு மூலைகளிலிருந்தும் அக்கயிற்றுக்குச் செங்குத்தாகவுள்ள தூரங்களை அளந்து கூட்டுக. அக்கூட்டுத்தொகையை மூலைவிட்டத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் அறையின் பரப்பு கிடைத்துவிடும். சரியான பத்தடிச் சதுரத்திலும் இவ்வழி பிசகாது: அங்கே இரு செங்குத்துத் தூரங்களும் தலைக்கு 7.07 அடி, கூடினால் 14.14, அதை 14.14-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 100.

வேள்வி மேடையை அளக்க எழுந்த கயிறு இன்று ஒரு குடும்பத்தின் வீட்டை அளக்கப் பயன்படுகிறது. ஏட்டில் எழுதப்பெற்ற சதுர அடியும் தரையில் கிடக்கும் சதுர அடியும் ஒன்றே தானா என்று காண விரும்புவோர், வீட்டின் சாவியைக் கையில் வாங்கும் நாளிலேயே, சுவருக்குச் சுவரும் மூலைக்கு மூலையும் கயிறிட்டு அளந்து எழுதிவைத்துக்கொள்வது நலம். இதற்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. பள்ளிச் சிறுவன் ஒருவன் உடனிருந்தால் போதும்.